சொல்லாமல் கொள்ளாமல் போகும் எஸ்.எஸ்.டி.

லேப்டாப் வாங்கப் போகிறவரிடம் எஸ்.எஸ்.டி. பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி கிளம்பும். "உள்ள சுத்துற பாகமே இல்ல சார், அது எங்க கெட்டுப்போகப் போவுது" என்பது ஒன்று. "எழுத எழுதத் தேஞ்சிடும், மூணு வருஷம் தாண்டாது" என்பது இன்னொன்று. ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரைக்கும் எந்த சர்வீஸ் கடைக்குப் போனாலும் இந்தப் பட்டிமன்றம் நடக்கும். இரண்டு தரப்புமே விஷயத்தைத் தவறவிடுகின்றன என்பது என் கட்சி. பழைய ஹார்டு டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி. குறைவாகத்தான் பழுதாகிறது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பழுதாகிற விதம் அடியோடு மாறிவிட்டது. ஹார்டு டிஸ்க் இழுத்துக்கொண்டு கிடந்து போகும், எஸ்.எஸ்.டி. சொல்லாமல் கொள்ளாமல் போகும், போகும்போது உள்ளே இருந்ததையும் கூடவே கொண்டுபோகும். அதனால் கருவி முன்னைவிட நம்பகமாகவும், அதில் இருக்கும் தகவல் முன்னைவிடப் பத்திரமில்லாமலும் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது. இந்த முரணை நாம் இன்னும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

வடசென்னைக்கு இது ஏதோ கம்ப்யூட்டர் பைத்தியங்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. துறைமுகத்தை நம்பியிருக்கும் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு ஆபீஸ்கள், மணலி பக்கத்து கன்டெய்னர் யார்டுகள், எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்து லாரி புக்கிங் அறைகள் எல்லாம் இன்று ஒன்றிரண்டு லேப்டாப்பில் ஓடுகின்றன. இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஏறிவிடும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பார்ட்டி அனுப்பிய கடிதம், டேலி கணக்கு எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்தான். மாணவர்கள் பக்கமும் இதே மாற்றம்தான். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை ஹார்டு டிஸ்க் லேப்டாப்கள். 2025-26 பட்ஜெட்டில் அறிவித்து, 20 லட்சம் கல்லூரி மாணவர்களை இலக்காக வைத்திருக்கும் புதிய திட்டத்துக்கு அரசு நிறுவனமான எல்காட் கேட்டது 256 ஜிபி எஸ்.எஸ்.டி. பாரதி மகளிர் கல்லூரியிலோ வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியிலோ படிக்கிற பிள்ளைக்கு வாழ்க்கையில் முதல் சொந்தக் கம்ப்யூட்டரே எஸ்.எஸ்.டி. கம்ப்யூட்டராக வருகிறது. ஹார்டு டிஸ்க் காலத்தில் வீட்டில் அண்ணன், அக்கா கற்றுக்கொடுத்த எச்சரிக்கைகள் எதுவும் இதற்குப் பொருந்தாது.

முதலில் எஸ்.எஸ்.டி.க்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க பேக்அப் நிறுவனம் தன்னிடம் ஓடும் டிரைவ்களின் பழுதுக் கணக்கைப் பல வருடமாக வெளியிட்டு வருகிறது. சர்வர்களை பூட் செய்ய முன்பு ஹார்டு டிஸ்க் வைத்திருந்தார்கள், பிறகு எஸ்.எஸ்.டி.க்கு மாறினார்கள், ஒரே வேலை, இரண்டு வகைக் கருவி, அதனால் ஒப்பிட வசதி. முதல் நான்கு வருடம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாவது வருடத்தில் ஹார்டு டிஸ்க்கின் பழுது விகிதம் மூன்றரை சதவீதத்தைத் தாண்ட, எஸ்.எஸ்.டி. நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே நின்றது. அது 2022-இல் வந்த அறிக்கை. 2016-இல் கூகுளின் டேட்டா சென்டர்களில் ஆறு வருடம் ஓடிய பத்து மாடல்களை பியாங்கா ஷ்ரோடர் குழு ஆராய்ந்தபோதும் இதே கதைதான்: நான்கு வருடத்தில் மாற்ற வேண்டி வந்த எஸ்.எஸ்.டி.க்கள் 4 முதல் 10 சதவீதம். ஹார்டு டிஸ்க் என்றால் ஒரே வருடத்திலேயே 2 முதல் 9 சதவீதம் மாற்ற வேண்டிவரும். மேஜையில் இருந்து விழுந்தாலும், எம்.டி.சி. பஸ்ஸில் குலுங்கினாலும் எஸ்.எஸ்.டி. கலங்காது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

"எழுத எழுதத் தேய்ந்துவிடும்" என்ற பயத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவு தெரியாத உண்மை. எஸ்.எஸ்.டி.க்குள் இருப்பது நாண்ட் ஃபிளாஷ். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா குழு 1987-இல் உலகுக்குக் காட்டிய தொழில்நுட்பம். மிகச் சிறிய செல்லுக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைவைத்து, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அதை எண்ணாகப் படிக்கிறார்கள். அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிறைச் சுவர் கொஞ்சம் பலவீனமாகும். ஒரு செல்லில் ஒரு பிட் வைத்த காலத்தில் லட்சம் முறை தாங்கியது. மூன்று பிட் திணிக்கும் இன்றைய டி.எல்.சி. ஓராயிரம், மூவாயிரம் முறைதான் தாங்கும். நான்கு பிட் வைக்கும் கியூ.எல்.சி. அதைவிடக் குறைவு. கேட்க பயமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 256 ஜிபி டிரைவுக்கு 150 டெராபைட் எழுதலாம் என்று கம்பெனி உத்தரவாதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். டேலியும் எக்செலும் பிரவுசரும் ஓடும் ஆபீஸ் லேப்டாப்பில் தினம் 20 ஜிபி எழுதினாலே அதிகம். 7,500 நாள் வரும். இருபது வருடம். அதற்குள் கீபோர்டு போயிருக்கும், ஹிஞ்ச் உடைந்திருக்கும், விண்டோஸ் அந்த மெஷினையே கைவிட்டிருக்கும். கூகுள் ஆய்விலும் எத்தனை முறை எழுதினார்கள் என்பதைவிட டிரைவின் வயது முக்கியமாக இருந்தது; செல்லுக்கு ஒரே பிட் வைக்கும் விலை உயர்ந்த எஸ்.எல்.சி. டிரைவ்கள் மற்றவற்றைவிட நம்பகமாக இருக்கவும் இல்லை.

அதே ஆய்வின் அடுத்த பாதியை எஸ்.எஸ்.டி. விளம்பரங்கள் சொல்வதில்லை. மாற்ற வேண்டிய டிரைவ்கள் குறைவுதான், ஆனால் முதல் நான்கு வருடத்தில் 20 முதல் 63 சதவீத டிரைவ்கள் ஒரு முறையாவது திருத்தவே முடியாத பிழையைக் கண்டன. அதாவது டிரைவ் உயிரோடு இருக்கிறது, கேட்ட தகவலில் ஒரு துண்டு மட்டும் வரவில்லை. கூகுளுக்கு இது தூசு. வேறு இரண்டு இடத்தில் பிரதி இருக்கும், எடுத்து ஒட்டிவிடுவார்கள். லேப்டாப்பில் அந்தத் துண்டு யாருடைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் விழுகிறதோ அவர் பாடு. டேட்டா சென்டர் புள்ளிவிவரத்தைக் காட்டி "எஸ்.எஸ்.டி. நம்பகமானது" என்று சொல்லும்போது இந்த ஓட்டை கண்ணில் படாமல் போய்விடுகிறது. அங்கே எண்ணுவது மாற்றிய டிரைவ்களை. நமக்கு வேண்டியது போன ஃபைல்களின் கணக்கு.

முழுசாகப் போகும் டிரைவ் எப்படிப் போகிறது என்பதை இன்னும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் ஃபைல் ஒரே இடத்தில் தங்குவதில்லை. தேய்மானத்தைச் சமமாகப் பகிர்வதற்காக கன்ட்ரோலர் சிப் தகவலை ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபட அட்டவணை வைத்திருக்கும். கன்டெய்னர் யார்டில் ஆயிரக்கணக்கான பெட்டிகள் அடுக்கியிருக்க, எந்த வரிசையில் எந்தப் பெட்டி என்ற ரிஜிஸ்டர் மட்டும் எரிந்துபோனால் என்ன ஆகும்? பெட்டியெல்லாம் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் உங்கள் சரக்கு எதில் என்று யாராலும் சொல்ல முடியாது. அட்டவணையோ, கன்ட்ரோலரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரோ கெட்டால் நடப்பது அதுதான். விலை குறைந்த சாட்டா எஸ்.எஸ்.டி.க்கள் பலவற்றில் பிசான் கம்பெனியின் எஸ்11 கன்ட்ரோலர் இருக்கும். நேற்று இரவு வரை நன்றாக வேலை செய்த அப்படியொரு டிரைவ் காலையில் பயாஸில் தன் பிராண்டு பெயரை மறந்துவிட்டு 'சாட்டாஃபர்ம் எஸ்11' என்று பெயர் காட்டும். ரிப்பேர் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதும், டிரைவைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். நினைவு சிப்புகளில் ஒரு கீறல்கூட இருக்காது.

ஹார்டு டிஸ்க்கின் சாவு இப்படி இருக்காது. முதலில் மெதுவாகும். பிறகு 'டிக் டிக்' என்று சத்தம் வரும். சில ஃபோல்டர் திறக்கும், சில திறக்காது. அந்த இடைவெளியில் முக்கியமானதை எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டாலும், சர்க்யூட் போர்டை மாற்றலாம், அதே மாடல் டிஸ்க் ஒன்றைத் தேடிப்பிடித்து அதன் ஹெட்டைப் பொருத்தலாம். தட்டில் காந்தமாகப் பதிந்தது அங்கேயேதான் இருக்கும். டேட்டா ரெகவரி என்ற தொழிலே இந்தப் பொறுமையான சாவின் மேல்தான் எழுந்தது. எஸ்.எஸ்.டி.யில் சிப்பைப் பிடுங்கிப் படித்தாலும் வருவது கலைத்துப்போட்ட எண்கள்தான். கன்ட்ரோலர் தகவலைக் கலைத்துத்தான் எழுதுகிறது. பல டிரைவ்கள் தாமாகவே பூட்டியும் வைக்கின்றன. சாவி இருந்தது செத்துப்போன கன்ட்ரோலரில். தெரியாமல் அழித்த ஃபைலை மீட்கும் பழைய வித்தையும் பெரும்பாலும் செல்லாது. விண்டோஸ் அனுப்பும் ட்ரிம் கட்டளை வந்ததும், அழித்த இடத்தை டிரைவ் தானே துடைத்துச் சுத்தம் செய்துவிடுகிறது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்துவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். மேக்புக் போன்றவற்றில் சேமிப்பு சிப் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. போர்டு போனால் கழற்றி வேறெங்கும் மாட்டிப் பார்க்கக்கூட எதுவும் இல்லை.

சரி, இப்படியெல்லாம் நடப்பது பெயர் தெரியாத மலிவுச் சரக்கில்தானே, நல்ல பிராண்டு வாங்கினால் போயிற்று என்று சொல்லலாம். பெரிய கம்பெனிகளின் வரலாறு இதற்கு ஒத்துழைக்க மறுக்கிறது. 2011-இல் இன்டெலின் 320 வரிசை டிரைவ்கள் எதிர்பாராமல் கரண்ட் போய் வந்தால் தங்கள் கொள்ளளவே 8 எம்பிதான் என்று சொல்லத் தொடங்கின. 2012-இல் க்ரூஷியல் எம்4 டிரைவ்கள் 5,184 மணி நேரம் ஓடியதும் மணிக்கொரு தரம் தொங்கின. 2013-இல் மேக்புக் ஏர் டிரைவ்களையும், 2018-இல் 13 அங்குல மேக்புக் ப்ரோ டிரைவ்களையும் சரிசெய்ய ஆப்பிள் தனித் திட்டமே அறிவித்தது. எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது 2019 நவம்பரில் ஹெச்.பி. என்டர்பிரைஸ் வெளியிட்ட எச்சரிக்கை: சில சர்வர் எஸ்.எஸ்.டி.க்கள் சரியாக 32,768 மணி நேரத்தில், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரத்தில், மொத்தமாக நின்றுவிடும், தகவல் திரும்பாது. மென்பொருளில் ஓர் எண் தன் எல்லையைத் தாண்டியதால் வந்த வினை. இதில் கவனிக்க வேண்டியது, ஒரே நாளில் ஓடத் தொடங்கிய டிரைவ்கள் எல்லாம் ஒரே நாளில் போகும். ஒரே கடையில் ஒரே மாடலில் இரண்டு எஸ்.எஸ்.டி. வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குப் பிரதியாக வைப்பவர் தன்னிடம் இரண்டு பிரதி இருப்பதாக நம்புகிறார். ஃபர்ம்வேர் கணக்கில் அது ஒன்றுதான்.

பிராண்டு என்பதே கூட நிலையானதாக இல்லை. வெளியில் அதே பெயர், அதே ஸ்டிக்கர். உள்ளே சிப் மாறிவிடும். 2021-இல் க்ரூஷியல் பி2 டிரைவில் டி.எல்.சி.க்குப் பதில் கியூ.எல்.சி. வந்ததையும், டபிள்யூ.டி. ப்ளூ எஸ்.என்.550-இல் சிப் மாறி வேகம் குறைந்ததையும் விமர்சகர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அந்த க்ரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது, ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு விற்றால் லாபம் அதிகம். சிப் விலை ஏற ஏற, பில் இல்லாத சரக்கில் ஒரு டெராபைட் என்று காட்டிக்கொண்டு உள்ளே சின்ன மெமரி கார்டு ஒட்டிய டப்பாக்களும் பெருகும். அதனால் நல்ல பிராண்டு, பில்லோடு வாங்குங்கள், மறுக்கவில்லை. ஐந்து வருட வாரன்டி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் வாரன்டியில் வருவது புது டிரைவ். பழையதில் இருந்த கணக்கை எந்தக் கம்பெனியும் தராது. அதோடு பழைய டிரைவை அவர்களிடம் ஒப்படைக்கவும் வேண்டும், உள்ளே யாருடைய ஆதார் நகல் இருந்தாலும்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். 2013-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஹெச்.பி. ஆய்வகமும் சேர்ந்து, ஐந்து கம்பெனிகளின் 15 எஸ்.எஸ்.டி.க்களை எழுதிக்கொண்டிருக்கும்போதே திரும்பத் திரும்பக் கரண்ட்டை வெட்டிப் பார்த்தார்கள். 13 டிரைவ்கள் ஏதாவது ஒரு விதத்தில் சொதப்பின. சில தகவலைக் கெடுத்தன, ஒன்று முழுசாகவே படுத்துவிட்டது. மேலே சொன்ன அட்டவணையைப் பாதி எழுதும்போது கரண்ட் போனால் வேறென்ன நடக்கும்? சர்வர் டிரைவ்களில் இதற்காகவே சின்ன கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருக்கும், கடைசி மூச்சில் எழுதி முடித்துவிடும். லேப்டாப் டிரைவ்களில் அது பெரும்பாலும் கிடையாது. "லேப்டாப்புக்குத்தான் பேட்டரி இருக்கே, இது டெஸ்க்டாப் பிரச்சினை" என்பார்கள். நியாயமான கேள்வி. புது லேப்டாப்புக்கு அது சரியான பதிலும்கூட. ஆனால் நம் பக்கத்து ஆபீஸ்களில் நான்கைந்து வருடம் ஆன லேப்டாப்பின் நிலைமை என்ன? பேட்டரி உப்பிக் கழற்றப்பட்டிருக்கும், அல்லது சார்ஜரைப் பிடுங்கிய அடுத்த நொடி அணையும். சுவரில் மாட்டிய சார்ஜரே உயிர்நாடி. மெதுவாக இருக்கிறதே என்று அதற்கு ஒரு விலை குறைந்த எஸ்.எஸ்.டி. போட்டு "புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். பேட்டரி செத்த மெஷின், கெப்பாசிட்டர் இல்லாத டிரைவ், யு.பி.எஸ். இல்லாத மேஜை: ஆய்வகத்தில் செயற்கையாக உண்டாக்கிய நிலைமையை நாம் சொந்தச் செலவில் உண்டாக்கி வைத்திருக்கிறோம். கோடையில் டிரான்ஸ்ஃபார்மர் லோடு தாங்காமல் ஒரு ராத்திரிக்குள் நாலு தரம் கரண்ட் போய் வரும்போது அந்த டிரைவ் பரீட்சை எழுதுகிறது.

காற்றும் இங்கே சும்மா இல்லை. ஒரு பக்கம் கடல் உப்பு, இன்னொரு பக்கம் அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களின் சாம்பல், மணலி சுத்திகரிப்பு ஆலையின் கந்தக வாசம். மனித நுரையீரலுக்கு இது என்ன செய்கிறது என்பதுதான் பெரிய வழக்கு. அதன் பக்கத்தில் லேப்டாப்பைப் பற்றிக் கவலைப்படுவது கூச்சமாகக்கூட இருக்கிறது. ஆனாலும் டிரைவ் எதனால் போகிறது என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். மைக்ரோசாஃப்ட் தன் ஒன்பது டேட்டா சென்டர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பத்தைவிட ஈரப்பதமே பழுதோடு அதிகம் சம்பந்தப்பட்டிருந்தது. ஈரம் முதலில் தாக்கியது கன்ட்ரோலரையும் இணைப்புகளையும். அது ஹார்டு டிஸ்க் ஆய்வு. ஆனால் கன்ட்ரோலரும் இணைப்பும் எஸ்.எஸ்.டி.க்கும் உண்டு, சொல்லப்போனால் எஸ்.எஸ்.டி. என்பதே அவ்வளவுதான். எம்.2 டிரைவைக் கழற்றிப் பாருங்கள்: 22 மில்லிமீட்டர் அகலம், சூயிங்கம் பட்டை நீளத்துக்கு ஒரு போர்டு, ஒரு முனையில் ஒற்றை ஸ்க்ரூ, மறுமுனையில் தங்கப் பூச்சு போட்ட மெல்லிய பற்கள். கடற்கரையோரம் சில வருடம் ஓடிய மெஷினில் அந்தப் பற்களின் மேல் மங்கலான படலமும், ஸ்க்ரூ மேல் துருவும் இருக்கலாம். "டிரைவ் காணோம், ரீஸ்டார்ட் பண்ணா வருது" என்று வரும் புகாருக்கு, புது டிரைவ் வாங்குவதற்கு முன், கழற்றி, ஐ.பி.ஏ. (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) திரவத்தில் பற்களைத் துடைத்து, திரும்ப மாட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். எஸ்.எஸ்.டி. கொடுக்கும் அபூர்வமான முன்னெச்சரிக்கைகளில் அது ஒன்று. அப்படி வந்ததும் முதல் வேலை துடைப்பதுகூட இல்லை, காப்பி எடுப்பது.

வெப்பத்தைப் பற்றி ஒரு வதந்தி உலவுகிறது, அதையும் தீர்த்துவிடலாம். எஸ்.எஸ்.டி.யைக் கரண்ட் இல்லாமல் அலமாரியில் வைத்தால் ஏழே நாளில் எல்லாம் அழிந்துவிடும் என்று 2015-இல் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி வந்தது. இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதன் மூலம் ஜெடெக் என்ற தர அமைப்பின் அட்டவணை. அது சொல்வது: சாதாரண லேப்டாப் டிரைவ், எழுத வேண்டிய அளவு முழுதும் எழுதித் தீர்ந்த பிறகும், 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும். புது டிரைவ் அதைவிட நெடுங்காலம் காக்கும். அதனால் பீதி வேண்டாம். ஆனால் வைக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி கூடினால் அந்தக் காலம் ஏறத்தாழப் பாதியாகும் என்பதும் அதே கணக்குதான். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழ் இருக்கும் பரணில் 30 டிகிரி எங்கே இருக்கும்? தேய்ந்த எஸ்.எஸ்.டி.யில் பழைய வருடக் கணக்கை ஏற்றி, கட்டிப் பரணில் போடுவது சரியான வழி ஆகாது. அந்த வேலைக்குப் பழைய ஹார்டு டிஸ்க்கே மேல்.

இன்னொரு ஆட்சேபம் விவரம் தெரிந்தவர்களிடமிருந்து வரும். கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்த்தால் "ஹெல்த் 96 சதவீதம்" என்று காட்டுகிறதே, அது குறைந்தால் மாற்றிவிடலாமே? அந்த எண் அளப்பது தேய்மானத்தை மட்டும். தேய்மானத்தால் சாகும் லேப்டாப் டிரைவ்கள் குறைவு என்று மேலே கணக்குப் போட்டோம். கன்ட்ரோலருக்கோ ஃபர்ம்வேருக்கோ இணைப்புப் பற்களுக்கோ அதில் மதிப்பெண் இல்லை. 'சாட்டாஃபர்ம் எஸ்11' என்று எழுந்து நின்ற டிரைவ் முந்தின நாள் வரை 98 காட்டியிருக்கலாம். எண் குறைந்தால் நடவடிக்கை எடுங்கள். குறையவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஆக எங்கே போனாலும் பிரதியில் வந்து நிற்கிறோம், அதுவும் டிரைவ் நன்றாக இருக்கும்போதே எடுத்த பிரதி. சட்டமும் இதையேதான் எதிர்பார்க்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களை, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். சுங்கத் தரகர்களுக்கான 2018 விதிகள் ஐந்து வருடம் என்கின்றன. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் தினசரி பேக்அப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது. விலை குறைந்த டிரைவின் வாரன்டி மூன்று வருடம். கணக்கு சரியாக வரவில்லை, பாருங்கள். "சின்ன ஆபீஸ், இதுக்கெல்லாம் எங்க செலவு பண்றது" என்பவர் தன் டேலி ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து அளவைப் பார்க்கட்டும். பெரும்பாலும் சில நூறு எம்பிக்குள் அடங்கும். கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் பல வருடக் கணக்கு உட்காரும். ஆனால் ஒன்று: லேப்டாப்போடு தானாக சிங்க் ஆகும் ஃபோல்டரை மட்டும் பேக்அப் என்று நம்ப வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே ரான்சம்வேர் பூட்டினால் பூட்டிய ஃபைல் அங்கேயும் போய்ச் சேரும். தேதி போட்டு, தனித்தனி ஜிப்பாக ஏற்றுவதுதான் பேக்அப்.

பிரதி எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இந்த வட்டாரத்துக்கென்று ஒரு பதில் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் மணலியிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தரைத்தளங்கள் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன, சில இடங்களில் அதன் மேல் எண்ணெய்ப் படலம் வேறு. லேப்டாப்பும் பேக்அப் டிஸ்க்கும் ஒரே பீரோவின் கீழ்த் தட்டில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே முழுகும். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 என்ற வழக்கம் இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு இடத்தில். நம் கணக்குக்கு அது இப்படி வரும்: லேப்டாப்பின் எஸ்.எஸ்.டி.யில் ஒன்று, வெளியே ஒரு யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று. லேப்டாப்புக்குள்ளேயே மறுபடி ஹார்டு டிஸ்க் போடலாமா என்று கேட்காதீர்கள், வேண்டாம்; வேகத்துக்கும் குலுக்கலுக்கும் எஸ்.எஸ்.டி.தான் சரி. இரண்டும் வெவ்வேறு விதமாகச் சாகும் என்பதால்தான் ஜோடி சேர்க்கிறோம். காப்பி எடுக்கும் நேரம் தவிர ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மாடி வீடு இருக்கும் உறவினர் யாராவது இருந்தால் டப்பா அங்கே இருப்பது இன்னும் நல்லது. பேட்டரி செத்த லேப்டாப்பாக இருந்தால், எஸ்.எஸ்.டி. மாற்றும் செலவோடு பேட்டரிச் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். கம்பெனி தளத்தில் டிரைவுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள், முதலில் காப்பி எடுத்துவிட்டு.

புதிதாக லேப்டாப் கையில் வாங்கும் மாணவர்களுக்கு மட்டும் ஒன்று கூடுதலாக. இப்போது வரும் விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிரைவ் தானாகப் பூட்டிக்கொள்கிறது. மதர்போர்டு போனாலோ, சர்வீஸில் பயாஸ் மாற்றினாலோ, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நீலத் திரை வந்து நிற்கும். டிரைவ் முழு ஆரோக்கியமாக இருந்தும் அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது. கடைக்காரராலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கை லேப்டாப் வாங்கிய நாளில் கடைக்காரரோ சீனியரோ தன் மெயிலில் திறந்து கொடுத்திருந்தால் சாவி அவரிடம் போயிருக்கும், ஆகவே கணக்கை உங்கள் மெயிலில் உங்கள் போன் நம்பரோடு திறந்திருக்கிறீர்களா என்று இன்றே பார்த்துவிடுங்கள். எண்ணை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து ரேஷன் கார்டு, மார்க் ஷீட் வைத்திருக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள்; லேப்டாப் பையில் வேண்டாம்.